பிறக்காத பிள்ளைக்கு வாங்கிய கோப்பை: கல்லூரி விளையாட்டுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொன்விழா மலருக்காக எங்கள் கல்லூரியின் விளையாட்டு வரலாற்றை நான்கு பக்கத்தில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. படித்த காலத்தில் கபடி டீமில் இருந்தவன், இப்போதும் ஊரிலேயே இருக்கிறவன், இந்த இரண்டு தகுதி போதும் என்று நினைத்துவிட்டார்கள். உடற்கல்வி அறையில் பீரோவுக்கு மேலே வரிசையாகக் கோப்பைகள். ஒன்றை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். ‘1976’ என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. கீழே இரண்டு வரி இருந்த தடம் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது, படிக்க முடியவில்லை. நானும் துணிந்து, “1976: பாரதிதாசன் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான கபடியில் முதலிடம்” என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகியும் வந்துவிட்டது.

மறுவாரம் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் போன் செய்தார். “தம்பி, பிறக்காத பிள்ளைக்குக் கோப்பை வாங்கிக் குடுத்துட்டியே!”

பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1982இல்தான். அதற்கு முன்பு தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருச்சி வட்டாரக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தவை. சிதம்பரத்தில் 1929 முதல் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அப்போது தன் வளாகத்து மாணவர்களுக்கானது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளை இணைத்துக்கொண்டது அல்ல. ஆக, 1976இல் எங்கள் பையன்கள் பல்கலைக்கழக அளவில் எதை ஜெயித்திருந்தாலும் அது சென்னைப் பல்கலைக்கழகப் போட்டியாகத்தான் இருந்திருக்க முடியும்.

மாவட்டப் பெயரிலும் இதே குழி இருக்கிறது. பழைய சான்றிதழில் ‘தஞ்சை மாவட்ட சாம்பியன்’ என்று இருந்தால், இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு அதை எழுதக் கூடாது. 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர் பிரிந்தது, 2020இல் மயிலாடுதுறை வந்தது. 1980இல் தஞ்சை மாவட்டத்தை ஜெயித்தவர்கள் கொள்ளிடக் கரையிலிருந்து கோடியக்கரை வரை எல்லோரையும் ஜெயித்தவர்கள். அவர்களை இன்றைய மாவட்ட அளவுக்குச் சுருக்குவது அநியாயம்.

விளையாட்டின் பெயரையாவது சரியாக எழுதுகிறோமா என்றால் அதுவும் இல்லை. பூப்பந்து வேறு, இறகுப்பந்து வேறு. பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளிப் பந்து, மட்டை, மண் தரை, பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் அது. 1850களில் அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். ஷட்டில் ஆடுகிற பையன் தன் விண்ணப்பத்தில் ‘பூப்பந்து’ என்று எழுதி, பெயர் வேறு பட்டியலுக்குப் போய், போட்டியன்று விழித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர் புழங்கலாம், படிவத்தில் புழங்கக் கூடாது.

சரி, வரலாற்றை விடுங்கள். இன்று குழு நடத்துகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, பதவிகளை நிரப்புவதுதான். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி இடங்களில் மாணவர்களே சந்தா போட்டு, தலைவர், பொருளாளர் வைத்துத் தங்கள் குழுவை நடத்துவார்கள். 1829இல் அவர்களுடைய முதல் படகுப் போட்டி நடந்ததே, ஒரே பள்ளியில் படித்த இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒருவருக்கொருவர் சவால் விட்டதால்தான். (கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கும் ‘தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்’ என்று பெயர் உண்டு, காவிரியும் ஓரத்திலேயே ஓடுகிறது. ஆனால் மேட்டூர் மூடியபின் மணலில் துடுப்புப் போட முடியாதே!) நம் ஊர் அமைப்பு வேறு. சேர்க்கையின்போது விளையாட்டுக் கட்டணம் வாங்கிவிடுவார்கள். அணி, பணம், பதிவு எல்லாம் உடற்கல்வி இயக்குநர் கையில். 1920இல் சென்னையில் ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்கள் ஊர் ஊராகப் போய் வளர்த்த முறை இது. மாணவர் பக்கம் கேப்டன், அதிகம் போனால் ஒரு செயலாளர்.

இதைப் புரிந்துகொள்ளாமல் துணைத் தலைவர், இணைச் செயலாளர், ஒருங்கிணைப்பாளர் என்று 14 பேருக்குப் பதவி கொடுத்து பேனர் அடிக்கிறார்கள். பந்துக்குக் காற்றடிக்க ஆள் இருக்காது. தேவை இரண்டே பேர்: மூன்றாம் வருஷத்தில் ஒருவர், இரண்டாம் வருஷத்தில் ஒருவர். பட்டப்படிப்பு மூன்று வருஷம்தான். ஏப்ரலில் தேர்வு முடிந்தால் மொத்தத் தகவலும் மூன்றாம் வருஷக்காரரோடு பஸ் ஏறிவிடும். அதனால் பீரோ சாவியும் நோட்டும் ஆரம்பத்திலிருந்தே இரண்டாம் வருஷக்காரரிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவை நோட்டாக நினைக்க வேண்டாம். போன் மாற்றினால் அதுவும் போச்சு.

அந்த நோட்டில் என்ன எழுதுவது? கோப்பை வந்த வாரமே விளையாட்டு, நடத்தியவர், தேதி, ஊர், ஆடியவர்கள் பெயர். பெயரோடு இனிஷியலும் சொந்த ஊரும் கட்டாயம். எங்கள் டீமில் ஒரே வருஷம் மூன்று செந்தில். குரூப் போட்டோவில் யார் எந்தச் செந்தில் என்று இன்றைக்கும் சண்டை.

அடுத்தது நுழைவுப் படிவம். மண்டலம், மண்டலங்களுக்கு இடையில், அப்புறம் பல்கலைக்கழக அணித் தேர்வு, அதற்கு மேலே தென்மண்டலம், அகில இந்தியா என்று ஏணி போகிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு வயது வரம்பு 25, ஜூலை 1ஆம் தேதியை வைத்துக் கணக்கு. முதுகலை மாணவர்கள் விஷயத்தில் இதை யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் முதல்வர் கையெழுத்துக்கு ஓடுவதும் பழக்கமாகிவிட்டது. அவர் லீவில் இருந்தால் 12 பேர் பயிற்சியும் வீண். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலை ஊரில் விட்டுவிட்டு வருகிறவன் டீமுக்கு ஒருவனாவது இருப்பான்.

கபடிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆண்களுக்கு எடை வரம்பு 85 கிலோ, பெண்களுக்கு 75. எங்கள் கார்னர் ஆட்டக்காரர் கல்லூரி மெஷினில் 84.6 காட்டினார். போட்டி நடந்த இடத்து மெஷினில் ஏறினால் 85.3. விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி, எச்சில் துப்பித் துப்பி, ஒரு வழியாக எடைக்குள் வந்தார். பதினொரு மணி ஆட்டத்தில் கால் பிடித்துக்கொண்டு முதல் பத்து நிமிஷத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் இருக்கும். ஒரு கிலோ குறைவாக வைத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். அதேபோல மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனுக்கு ‘மேட்’ விரிப்பில் ஆட ஷூ வேண்டும். அதைப் போட்டிக்கு முந்தின நாள் வாங்கிக் கொடுத்தால் கொப்புளம்தான் மிச்சம்.

டெல்டாவின் களிமண்ணையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்தால் மைதானம் நடவு வயல் மாதிரி ஆகிவிடும். ஈரத்தில் ஓடினால் குழி விழுந்து, காய்ந்ததும் அந்தக் குழி கல்லாகிக் கணுக்காலைப் பதம் பார்க்கும். போட்டிகளும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. எனவே பயிற்சியின் கனமான பகுதியை ஜூலை, ஆகஸ்டிலேயே முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் வராந்தாவில் உடற்பயிற்சி போதும்.

பெண்கள் அணிக்குப் பயிற்சி நேரம் குறிக்கும்போது முதலில் பஸ் நேரம் கேட்க வேண்டும். 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த பஸ் தங்கள் கிராமத்துக்குக் கடைசியாக எத்தனை மணிக்குப் போகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். ஐந்தரைக்குக் கடைசி பஸ், ஐந்து மணிக்குப் பயிற்சி என்றால் அந்தப் பெண் இரண்டு வாரத்தில் நின்றுவிடுவாள். ஆர்வம் இல்லை என்று நாம் எழுதிவிடுவோம்.

பணத்தைப் பற்றி அதிகம் வேண்டாம். முன்பணம் வாங்கினால் திரும்பிய வாரமே கணக்கை ஒப்படைக்க வேண்டும். பஸ் டிக்கெட் பில்லுக்கு அவசியம். மெஷின் டிக்கெட்டில் எழுத்து சீக்கிரம் மங்கி வெறும் தாள் ஆகிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து, நோட்டில் தொகையை எழுதி வைத்தால் பிழைத்தோம்.

பொங்கலை ஒட்டிக் கிராமங்களில் நடக்கும் கபடிப் போட்டிக்குப் போகக் கூடாது என்று தடை போடுவதும் தவறுதான். பையன் போவான், சொல்லாமல் போவான், முட்டியில் அடிபட்டதையும் சொல்ல மாட்டான். எந்த ஊரில் என்றைக்கு ஆட்டம் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டால், பல்கலைக்கழக ஆட்டத்துக்கு முந்தின வாரமாவது அவனை நிறுத்தி வைக்கலாம். மேலும், அந்தக் கிராமத்து டீம்தான் அவனுக்குப் பாடிப் போகக் கற்றுக்கொடுத்தது, நாம் அல்ல.

என் கோப்பைக்கு வருகிறேன். மலரில் பிழைதிருத்தத் துண்டுத்தாள் வைத்தோம். அதைப் பார்த்துவிட்டு நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த போட்டோவோடு வந்தார். அதே கோப்பை, பளபளவென்று. பின்னால் பென்சிலில் தேதி, ஊர், பெயர்கள், இனிஷியலோடு. முன்னால் நின்ற அத்தனை பேர் கையிலும் மட்டை. நடுவில் இருந்தவரின் உள்ளங்கையில் கம்பளிப் பந்து ஒன்று.