சம்மர் கேம்ப், கோச்சிங் நடத்துறீங்களா? ஸ்டாஃபுக்கு குழந்தைகள் பாதுகாப்பு ட்ரெயினிங் குடுக்கிறது இப்படித்தான்

ஏப்ரல் வந்தா தெருவுக்கு ஒரு சம்மர் கேம்ப் பேனர் தொங்கும். கிரவுண்ட் பிடிச்சாச்சு, டீ-ஷர்ட் அடிச்சாச்சு, ஃபீஸ் வாங்கியாச்சு, ஆனா கோச், உதவிக்கு வர்ற காலேஜ் பசங்க, வேன் டிரைவர், வாட்ச்மேன் இவங்களை உட்கார வச்சு பிள்ளைங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு யாராவது சொன்னாங்களான்னு கேட்டா "எல்லாம் நம்ம பசங்கதான் சார்"னு முடிச்சிடுவாங்க. பிள்ளைங்களை பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்துற போக்சோ சட்டத்தோட 2020 விதிகள் ஸ்கூலை மட்டும் சொல்லல, ஸ்போர்ட்ஸ் அகாடமியையும் பேர் போட்டே சொல்லுது. பிள்ளைங்களோட பழகுற எல்லா ஸ்டாஃபுக்கும், பர்மனென்ட்டோ கான்ட்ராக்ட்டோ, போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணணும், அப்பப்போ ட்ரெயினிங்கும் நடத்தணும். சின்ன இடம்னு விலக்கெல்லாம் கிடையாது.

ஸ்டெப் 1: ஆளை விசாரிங்க

போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே அப்ளை பண்ணலாம். ஆனா அதையே நம்பி உட்காராதீங்க, ஏற்கனவே கேஸ் ஆனவங்கதான் அதுல சிக்குவாங்க. முன்னாடி வேலை பார்த்த இடத்துக்கு நீங்களே போன் போட்டு, "இவர் திரும்பி வந்தா சேர்த்துப்பீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அந்தப் பக்கம் இழுத்தாங்கன்னா அதுவே பதில்தான்.

ஸ்டெப் 2: ஒரு பக்கத்துக்கு ரூல்ஸ் எழுதுங்க

தமிழ்ல, வேன் டிரைவருக்கும் புரியுற மாதிரி. மூடின ரூம்ல ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியா இருக்கக்கூடாது, தனியா பேசணும்னா நாலு பேர் பார்க்கிற இடத்துல பேசுங்க. பிள்ளைக்கு பர்சனலா வாட்ஸ்அப் அனுப்பக்கூடாது, பேரன்ட்ஸ் இருக்கிற குரூப்லதான். தனியா பைக்ல ட்ராப் பண்றது, சொந்த போன்ல போட்டோ எடுக்கிறது, கிஃப்ட் குடுத்து "வீட்ல சொல்லாத"ன்னு சொல்றது எதுவுமே கூடாது. கோச்சிங்ல தொட்டு ஸ்டான்ஸ் சரி பண்ண வேண்டி வரும்தான், அப்போ "தோளைப் பிடிச்சு காட்டட்டுமா"ன்னு கேட்டுட்டு பண்ணச் சொல்லுங்க. இதுல ஒரு காப்பி பேரன்ட்ஸ் கைக்கும் போகணும், அப்பதான் யாராவது மீறினா அவங்களே வந்து கேப்பாங்க.

ஸ்டெப் 3: நடிச்சுப் பார்க்க வைங்க

ட்ரெயினிங்ல பாதி நேரம் இதுக்கே போகணும். ஸ்லைடு போட்டு பேசினா டீ வந்ததும் எல்லாம் மறந்துடும். ரெண்டு ரெண்டு பேரா நிக்க வச்சு, ஒருத்தர் பத்து வயசுப் பிள்ளை. "அண்ணா ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க." இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

முக்கால்வாசி பேர் பாசத்துல சத்தியம் பண்ணிடுவாங்க. பண்ணக்கூடாது. "உன்னைப் பாதுகாக்க வேண்டியிருந்தா ஒண்ணு ரெண்டு பெரியவங்ககிட்ட நான் சொல்லியே ஆகணும்டா, ஆனா கிளாஸ்ல யாருக்கும் தெரியாது, நீ சொல்லு" இப்படிப் பேசிப் பழகணும். பிள்ளை சொல்லும்போது குறுக்க பேசாதீங்க, "அப்படியா? நிஜமாவா?"ன்னு முகம் மாறாதீங்க, "அவர் உன்னை இங்க தொட்டாரா?"ன்னு நீங்களா வார்த்தை எடுத்துக் குடுக்காதீங்க. "அப்புறம் என்னாச்சு" போதும். முடிச்சதும் "உன் மேல தப்பு இல்ல, சொன்னது ரொம்ப நல்லது"ன்னு சொல்லிட்டு, பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே தேதி, நேரத்தோட எழுதி வைங்க, உங்க அபிப்பிராயத்தை அதுல கலக்காதீங்க. முக்கியமா, சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு நீங்க விசாரிக்கவே கூடாது, அவர் உஷாராகி பிள்ளையை மிரட்ட வழி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

ஸ்டெப் 4: யார்கிட்ட சொல்லணும்

இங்கதான் நிறைய பேர் வழுக்குவாங்க. "மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், என் வேலை முடிஞ்சது" கிடையாது. போக்சோ 19-வது பிரிவுப்படி, பிள்ளை மேல பாலியல் குற்றம் நடந்த விஷயம் தெரிஞ்ச ஆள் யாரா இருந்தாலும் லோக்கல் போலீஸ்லயோ சிறார் சிறப்பு போலீஸ் பிரிவுலயோ சொல்லியே ஆகணும். சொல்லலன்னா 21-வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், தனக்குக் கீழ வேலை பார்க்கிறவர் பண்ணினதை மறைச்ச நிர்வாகிக்கு ஒரு வருஷம் வரைக்கும். நல்லெண்ணத்துல சொன்னவங்க மேல கேஸ் வராதுன்னும் அதே சட்டம் சொல்லுது, இதை ட்ரெயினிங்ல ரெண்டு தடவை சொல்லுங்க, பயந்துதான் பாதி பேர் வாயைத் திறக்கிறதில்ல. உதவிக்கு 1098, குழந்தைகள் ஹெல்ப்லைன், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. கமிட்டி போட்டு விசாரிச்சுட்டு அப்புறம் சொல்லலாம், ரெண்டு வீட்டையும் கூப்பிட்டு பேசி முடிச்சிடலாம்னு யாராவது பெரியமனுஷத்தனமா வந்தா கேக்காதீங்க. பிள்ளை பேரும் வெளிய போகக்கூடாது, வாட்ஸ்அப் குரூப்ல சுத்த விட்டா அதுவும் குத்தம்.

ஸ்டெப் 5: மத்ததெல்லாம்

ஃபர்ஸ்ட் எய்ட் தெரிஞ்ச ஒருத்தராவது கிரவுண்ட்ல இருக்கணும், 108 நம்பர் சுவத்துல இருக்கணும், மே வெயில்ல 11 மணிக்கு மேல ஓட விடாதீங்க. புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாளே ட்ரெயினிங், பழையவங்களுக்கு ஒவ்வொரு சீசனுக்கும் முன்னாடி. ஒரு நாள் மட்டும் வர்ற போட்டோகிராஃபர், சீஃப் கெஸ்ட்டோட வர்ற ஆளுங்க இவங்களுக்கு ட்ரெயினிங் குடுக்க முடியாது, அதனால பிள்ளைங்ககிட்ட தனியா விடாம கூடவே உங்க ஸ்டாஃப் ஒருத்தரை நிறுத்துங்க. சாயங்காலம் கூட்டிட்டுப் போறவங்க பேரு நோட்டுல இருக்கணும், "நான் மாமாதான்"னு வேற யாராவது வந்து நின்னா அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் போட்டு உறுதி பண்ணாம கேட்டைத் திறக்காதீங்க.