150 ஆம்பியர் மணி பேட்டரியில் 72தான் இருந்தது

மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மீட்டரிலோ 12.7 வோல்ட், முழு சார்ஜ்! அந்த எண்ணை நம்பி ஒரு மாதம் வீணாக்கினேன். சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட் கொள்ளளவைச் சொல்லாது. லோடு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முழுதாகச் சார்ஜ் செய்து, ஓர் இரவு ஓய்வுவிட்டு, இரண்டு கார் ஹெட்லைட் பல்புகளை மாட்டினேன். கிளாம்ப் மீட்டரில் சராசரி 9 ஆம்பியர். 10.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே விட்டால் பேட்டரிக்குக் கேடு. எட்டே மணி நேரம். அதாவது 9 × 8 = 72 ஆம்பியர் மணி.

ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மட்டும் 1.180; மற்றவை 1.250. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, 15.5 வோல்ட்டில் மெதுவாக ஈக்வலைஸ் செய்தேன், அதாவது எல்லா செல்களும் சமமாகும்படி கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் ஏற்றினேன். மறுபடி சோதித்தபோது பன்னிரண்டரை மணி நேரம் ஓடியது.