உச்சத்தில் இழுத்தால் பாட்டாகிவிடுமா?

கோயில் திருவிழா இசைநிகழ்ச்சிகளில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் நிற்பவன் நான். மட்டக்களப்பில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே காட்சிதான். ஒருவர் மேல் சுரத்தைப் பிடித்து இழுத்தால் விசில் பறக்கும். அடுத்தவர் மெதுவாகத் தொடங்கினால் சனம் கச்சான் வாங்கப் போய்விடும்.

பாடகரை எடைபோடுவதில் நாம் விடும் பெரிய தவறு இது. காரணம் இல்லாமலும் இல்லை. நம்முடையது கூத்துக் களரியில், அதாவது கூத்தாடும் திறந்த அரங்கில், பழகிய காது. மைக் இல்லாத காலத்தில் மத்தளத்தையும் சதங்கையையும் மீறி, விடிய விடிய, கடைசி ஆளுக்கும் கேட்கப் பாடவேண்டும். அங்கே உரத்த குரல் இல்லாமல் முடியாது. மைக் வந்தபின் மெல்லப் பாடுவதுதான் கஷ்டம். தாழ்ந்த சுரத்தில், மூச்சு தீர்கிற நேரத்தில், வரியின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். சுருதி வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான். 'ப' வரும்போது மைக்கில் காற்று அடிக்காமல் சற்றுச் சரித்துப் பிடிப்பதும், உச்சத்தில் மைக்கைச் சற்று விலக்குவதும்கூடத் திறமைதான்.

எக்கோவை நம்பி ஏமாறாதீர்கள். கல்லடிப் பக்கம் ஒரு தம்பி மேடையேறியதுமே, "அண்ணன், எக்கோவக் கொஞ்சம் கூட்டுங்க" என்றார். கூட்டினேன், கைதட்டல் விழுந்தது. இரண்டாம் பாட்டில் சத்தமில்லாமல் குறைத்தேன். பாதிச் சொற்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

அசல் பாடலின் கட்டையிலேயே, அதாவது அதே சுருதியிலேயே, பாடினால்தான் கெட்டிக்காரன் என்பது இன்னொரு வீம்பு. கரோக்கே ட்ராக்கை ஒரு கட்டை இறக்கித் தரச் சொல்பவர் தன் குரலை அறிந்தவர்.

அப்புறம், பாடியவரின் சுருதியைத் திருத்தும் ஓட்டோ ட்யூன் மென்பொருள். 1997இல் வந்தது. அதை ஆக்கியவர் முன்பு நில அதிர்வுப் பதிவுகளை வைத்து எண்ணெய் தேடும் வேலையில் இருந்தவர்! அது இருந்தால் யாரும் பாடகராகலாம் என்பதும் தவறு, அதைத் தொட்டவருக்குப் பாடவே தெரியாது என்பதும் தவறு. விலகிய சுரத்தை அது கிட்டத்தில் உள்ள சுரத்துக்கு இழுக்கும். அதிகம் விலகினால் பிழையான சுரத்துக்கே இழுத்துவிடும். சொல்லில் உணர்ச்சி ஏற்ற அதனால் ஆகாது. சிலர் அந்த இயந்திர ஒலிக்காகவே அதைப் போடுகிறார்கள், அது வேறு கதை.

பிள்ளைகளைப் போட்டிக்குத் தெரிவு செய்பவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். மைக்கும் வேண்டாம், ட்ராக்கும் வேண்டாம். ஒரு தாலாட்டைப் பாடச் சொல்லுங்கள். தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை, கீபோர்டில் பிள்ளை தொடங்கிய அதே கட்டையைத் தட்டிப் பாருங்கள். சுருதி வழுக்கியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.