பாத்ரூம் கழுவும் முன்: ஆசிட் ஒரு நாள், பிளீச்சிங் பவுடர் வேறொரு நாள்

சென்னையில் போர் தண்ணீர் வரும் வீடு என்றால் டைல்ஸிலும் குழாயிலும் உப்புக்கறை படிந்தே தீரும். ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டு, கிருமியும் சாகட்டும் என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன ஜன்னல் வைத்த ஃபிளாட் பாத்ரூமில் அது நேராக நுரையீரலுக்குப் போகும்.

முதலில் லேபிளைப் படியுங்கள். டாய்லெட் கிளீனர் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருந்தால் அது பிளீச். பழைய தண்ணீர் பாட்டிலில் லேபிள் இல்லாமல் விற்கும் ஆசிட்டை வாங்கவே வாங்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை ஒரு வாய் குடித்தால் போதும், தொண்டை வெந்துவிடும். ஆசிட் வாங்குபவரின் விவரத்தைக் கடைக்காரர் பதிய வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது.

அடுத்து கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை, செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

உப்புக்கறைக்கு ஆசிட்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு கப் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்துத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தாலே லேசான கறை போய்விடும். மார்பிளில் மட்டும் வேண்டாம், கல்லை அரித்துவிடும். எலுமிச்சை உப்பும் வினிகரும்கூட அமிலம்தான், அவற்றோடும் பிளீச் சேரக் கூடாது. நன்றாகக் கழுவி விடுங்கள்.

பிளீச்சிங் வேலையை வேறொரு நாளுக்கு வையுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் பவுடர் போதும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து ஊற்றுங்கள். 10 நிமிடம் கழித்துக் கழுவலாம். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும், அன்றன்றைக்குக் கலப்பதே சரி. செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் இன்னும் அளவாக. கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் பிளீச் கொன்றுவிடும்.

மூச்சு முட்டினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்புறம், மீந்த ஆசிட்டைத் தெரு ஓரத்து மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போய்ச் சேரும். மூடியை இறுக்கி, வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகச் சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவர் அவர்.