பெரிய ஆர்.சி. காரை நம்ம ஊர் மண்ணுக்குத் தயார் செய்வது எப்படி?

நிஜ வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு (1/5, 1/6) அளவில் ஆஃப்-ரோடு ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓட்டும் கார்) வாங்கியதும் பலர் முதலில் தேடுவது அலுமினிய ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை. அது கடைசி வேலை. பலருக்கு அது தேவையே படாது.

டிராக்ஸஸ் எக்ஸ்-மேக்ஸ் மாதிரி வண்டி பேட்டரி இல்லாமலே எட்டரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். குளத்துக்கரையில் இருந்து தாவி விழும்போது அந்த அடியை ஏதாவது ஒரு பாகம் வாங்கித்தான் ஆகவேண்டும். ஒன்றை இரும்பாக்கினால் அடி அடுத்ததற்குப் போகும். அதனால் எது உடையலாம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். விலை குறைந்ததாக, களத்திலேயே மாற்றக்கூடியதாக அது இருக்கட்டும்.

1. ஸ்க்ரூ

புது வண்டியை ஓட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். மோட்டார் மவுண்ட் (மோட்டாரைத் தாங்கும் பாகம்), பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்), டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) என உலோகத்துக்குள் உலோகமாக இறங்கும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். மரையில் நீல லாக்டைட் (243), அதாவது ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை, ஒரே ஒரு சொட்டு. முடுக்கிவிட்டு ஒரு நாள் அப்படியே வையுங்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு எந்த லாக்டைட்டும் கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விடும்.

2. பினியனும் ஸ்பர் கியரும்

பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்தான் ஸ்பர் கியர். மோட்டார் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நோட்டுத் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து இரண்டு கியர்களுக்கும் நடுவே விடுங்கள். மோட்டாரை ஸ்பர் கியர் பக்கமாக அழுத்திப் பிடித்து முடுக்குங்கள். பிறகு கியரை உருட்டித் தாளை வெளியே எடுங்கள். பல் மடிப்பு தெளிவாகத் தெரிய வேண்டும், ஆனால் தாள் கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்திருந்தால் இறுக்கம் அதிகம். அடுத்து பினியனைப் பிடித்துக்கொண்டு ஸ்பர் கியரை விரலால் ஆட்டிப் பாருங்கள், மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். ஸ்பர் கியர் எப்போதும் கச்சிதமான வட்டமாக இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் இதே சோதனையைச் செய்யுங்கள். பெரிய வண்டியில் பல் உதிர்வதற்கு முக்கியக் காரணம் இந்த இடைவெளி சரியாக இல்லாததுதான்.

3. மணல்

நெல்லைச் சீமையின் தேரி மணல் (செம்மணல் மேட்டு மணல்) நைஸானது, பேரிங்குக்குள் நுழைந்தால் அரைத்துவிடும். ரப்பர் சீல் வைத்த பேரிங் போடுங்கள். சக்கரத்தைக் கழற்றி பேரிங்கை விரலில் சுற்றும்போது நறநறவென்றால் உடனே மாற்றிவிடுங்கள். திறந்த செயினிலும் வெளியே தெரியும் கியரிலும் எண்ணெய் விடாதீர்கள், மணல் ஒட்டிப் பசையாகிவிடும். ஓட்டி முடித்ததும் பெயிண்ட் பிரஷ்ஷும் காற்றும் போதும்.

உவரிப் பக்கக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் என்னும் இரும்பு கலந்த கனிமம் உண்டு. பிரஷ்லெஸ் மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அதை இழுக்கும். உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் மோட்டார் பிழைப்பது கஷ்டம். அங்கே ஓட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. கரிசலில் கோடையில் தாராளமாக ஓட்டலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், அப்பிய களிமண்ணின் கனத்தையும் மோட்டார்தான் சுமக்க வேண்டும்.

4. ஆர்ம்

நைலான் ஆர்ம் வளையும், பிறகு பழையபடி நிமிரும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். வளையாத அளவுக்குத் தடிமனாகப் போட்டால் அடி பல்க்ஹெட்டுக்கு (ஆர்ம் மாட்டியிருக்கும் உடல் பாகம்) ஏறும், அதை மாற்ற வண்டியைப் பாதி பிரிக்க வேண்டும். ஆகவே ஆர்ம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். காசைப் போடவேண்டிய இடம் மோட்டார் மவுண்ட், வீல் ஹெக்ஸ் (சக்கரம் மாட்டும் அறுகோணத் துண்டு), சர்வோ ஹார்ன் (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரின் கை). ஹிஞ்ச் பின் (ஆர்ம் ஏறி இறங்கும் அச்சுக்கம்பி) வளைந்துகொண்டே இருந்தால் பழையதை லேத் பட்டறை அண்ணாச்சியிடம் கொடுத்து, அதே அளவில் நல்ல ஸ்டீலில் கடைந்து தரச் சொல்லுங்கள்.

5. சர்வோ

மெட்டல் கியர் சர்வோ அவசியம். சர்வோ சேவரை (சர்வோவைக் காக்கும் ஸ்பிரிங் பாகம்) மட்டும் எடுத்துவிடாதீர்கள், கல்லில் சக்கரம் மோதும் அடியை வாங்குவது அதுதான்.

6. சூடு

சித்திரை வெயிலில், இளகிய மணலில் ஓட்டுவதென்றால் பினியனில் ஒன்றிரண்டு பல் குறையுங்கள். வேகம் சற்றுக் குறையும், மோட்டார் தப்பும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் மோட்டார் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்தி நிழலில் ஆறவிடுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைப் பைக் பெட்டியில் வெயிலில் விடவே கூடாது. வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட், முழு சார்ஜில் வேண்டாம்.

கிளம்பும்போது பையில் முன்பக்க ஆர்ம் ஒரு ஜோடி, ஹிஞ்ச் பின், ஆலன் கீ செட், லாக்டைட் இருக்கட்டும்.