பரோசா ஷிராஸ்: வெயில் ஊர் ஒயின் என்று முடித்துவிடாதீர்கள்

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் பரோசா. ஷிராஸ் என்பது அங்கே விளையும் கருந்திராட்சை வகை; அதில் செய்யும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர். அந்த ஊர் ஒயின் என்றதும் "வெயில் ஊர், கனமாகத்தான் இருக்கும்" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒயின்கள் அவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கனிந்த பழச் சுவையை இனிப்பு என்று நினைப்பது முதல் தவறு. வெயிலில் திராட்சையின் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். ஆனால் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை ஆல்கஹாலாக மாற்றிவிடும். பரோசா ஷிராஸில் 14.5, 15 சதவீதம் சாதாரணமாகப் பார்க்கும் அளவு. விழுங்கியபின் ஈறுகளைப் பிடிக்கும் துவர்ப்பைக் கவனித்தால் இது இனிப்பு ஒயின் இல்லை என்று புரியும். வெனிலா, தேங்காய் வாசம் வந்தால் அதுவும் பழத்துடையதல்ல. பெரும்பாலும் அமெரிக்க ஓக் மரப் பீப்பாய் தந்தது. பிரெஞ்சு ஓக்கிலோ பழைய பெரிய பீப்பாயிலோ வைத்ததை ஒருமுறை குடித்துப் பாருங்கள், வேறு ஒயின் மாதிரி இருக்கும்.

அடுத்தது சூடு. என் முதல் பரோசா புட்டியை ஒரு கோடை மாலையில் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினேன். ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறியது. ஒயின்மேல் குறை சொன்னேன்; குறை ஊற்றிய விதத்தில் இருந்தது. 16 முதல் 18 டிகிரி போதும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

லேபிளில் 'பரோசா' என்பதும் 'பரோசா பள்ளத்தாக்கு' என்பதும் ஒன்றல்ல. வெறும் பரோசா என்றால் பக்கத்து ஈடன் பள்ளத்தாக்கும் அதில் சேரும். அது உயரமான, குளிர்ந்த இடம். அங்கே ஷிராஸில் மிளகு வாசம் தூக்கலாக இருக்கும். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் எலுமிச்சைபோலச் சுள்ளென்று இருக்கும். புகழ்பெற்ற ஹில் ஆஃப் கிரேஸ் தோட்டமும் ஈடனில்தான் இருக்கிறது.

அப்புறம், 'பழைய கொடி' என்று போட்டிருந்தால் ஒயின் பழையது என்று பொருளில்லை. வயது கொடிக்குத்தான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களின் வேரைத் தின்று அழித்த ஃபிலாக்ஸரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவே இல்லை. அதனால் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள்கூட இங்கே இன்னும் காய்க்கின்றன. ஆனால் 'பழைய கொடி' என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது, யாரும் அச்சிடலாம். 2009இல் பரோசாக்காரர்கள் தாங்களாகவே ஓர் அளவுகோல் வகுத்தார்கள்: 35, 70, 100, 125 ஆண்டு என நான்கு படிகள். லேபிளில் கொடி நட்ட ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

1980களில் ஒயின் தேவைக்குமேல் பெருகியபோது, கொடிகளைப் பிடுங்க அரசே பணம் கொடுத்தது. அப்போது எத்தனையோ முதிய கொடிகள் போயின. தப்பியவற்றில் ஷிராஸோடு கிரனாஷ், மட்டாரோ என்ற வேறு இரண்டு கருந்திராட்சை வகைகளும் உண்டு. பரோசா என்றால் ஷிராஸ் மட்டுமே என்று இவற்றைத் தாண்டிப் போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. முதிய கொடி கிரனாஷ் நிறத்தில் வெளிறியிருக்கும், ராஸ்பெர்ரி வாசம் எழும், துவர்ப்பும் மென்மையாக இருக்கும். கனம் பிடிக்காதவர்கள் பரோசாவை அதிலிருந்து தொடங்கலாம்.