சந்தைக் கோழியைப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பது எப்படி? (சளி வராமல்)

போன ஐப்பசியில், கொல்லையில் நின்ற 11 நாட்டுக்கோழிகளோடு சந்தையில் வாங்கிய 3 விடைக்கோழிகளை (இளம் பெட்டைகளை)ச் சேர்த்தேன். 12 நாள் தனியாக வைத்திருந்துதான் விட்டேன். ஒரே வாரத்தில் ராத்திரி கூட்டுக்குள் 'கர்ர் கர்ர்' என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், இழுத்துக்கொண்டிருந்தது எல்லாமே பழைய கோழிகள். சந்தையிலிருந்து வந்த மூன்றும் கொழுகொழுவென்று நின்றன.

மைக்கோபிளாஸ்மா என்கிற நாள்பட்ட சளி நோயும், கொரைசா என்கிற முகம் வீங்கும் சளி நோயும் இப்படித்தான். கோழி தேறினாலும் கிருமி உடம்பிலேயே தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, மூச்சிலும் தண்ணீரிலும் அடுத்ததற்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். "கண்ணு பளிச்சுன்னு இருக்கு, எடுத்துக்க தம்பி" என்று வியாபாரி சொன்னது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கூண்டு கட்டுவது, தீவனம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக இடத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் நம் டெல்டாவில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் புதுக்கோழிக்குக் கொல்லையின் தென்மேற்கு மூலை. பழைய கூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. பஞ்சாரத்தில் கவிழ்க்காதீர்கள், ஈரத்தரையில் உட்கார்ந்தே பாதி சளி பிடிக்கும். தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிய கம்பிவலைக் கூண்டுதான் என் கட்சி.

நாள் கணக்கு 30. மைக்கோபிளாஸ்மா வெளியே தெரியவே 3 வாரம்கூட ஆகும், என் 12 நாள் எந்த மூலைக்கு? தினமும் பழைய கோழிக்கு முதலில் தீவனம், பிறகு புதியதற்கு. திரும்பி வந்தால் கைகால் கழுவாமல் பழைய கூட்டைத் தொடக்கூடாது. குவளை, வாளி, செருப்பு எல்லாம் தனித்தனி. நான் செருப்பை மாற்றினேன், தண்ணீர்க் குவளையை மாற்றவில்லை!

இப்போது முக்கியமான இடம். 2 வாரம் ஆனதும் உங்கள் பழைய கூட்டத்திலிருந்து ஒரு கோழியைப் பிடித்துப் புதியவற்றோடு விடுங்கள். குழம்புக்குப் போக வேண்டிய சேவலாக இருந்தால் மனசு கேட்கும். மறைந்திருக்கும் நோய் புதுக்கோழியில் தெரியாது, இந்தச் சேவலில் தெரியும். ராத்திரி எல்லாம் அடங்கியபின் கூண்டுப் பக்கம் ஐந்து நிமிடம் காது கொடுங்கள். தும்மல், கர்ர் சத்தம், கண்ணோரம் நுரை ஏதாவது இருந்தால் அந்தச் சேவல் உட்பட எதுவும் உள்ளே வரக்கூடாது.

30 நாளும் சுத்தமாகப் போனால், பழைய கொட்டகைக்குள்ளேயே வலைத் தடுப்பு போட்டு ஒரு வாரம் பார்த்துக்கொள்ள விடுங்கள். பிறகு பொழுது சாய்ந்ததும் திறந்துவிடலாம். 'ராத்திரியோடு ராத்திரியா உள்ள விட்டா விடிஞ்சா பழகிடும்' என்பார்கள். தடுப்பு இல்லாமல் அது எனக்குப் பலித்ததில்லை. ஒற்றைக் கோழியாகவும் விடாதீர்கள், எல்லாம் சேர்ந்து கொத்திவிடும். தீவனத் தட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும். ரத்தம் கண்டால் உடனே பிரித்துவிடுங்கள்.

நோய் வந்தே விட்டால்? முகம் வீங்கி, மூக்கில் நாறும் சளி என்றால் கொரைசாவாக இருக்கலாம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகினால் வெள்ளைக்கழிச்சல். அது வைரஸ், கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. முன்கூட்டியே போட்ட தடுப்பூசிதான் காக்கும். கொத்துக் கொத்தாகச் செத்தால் அறுக்கவோ விற்கவோ வேண்டாம், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். அம்மா துளசியும் கற்பூரவல்லியும் இடித்துக் கொடுத்தார்கள். கெடுதலில்லை, ஆனால் என் கோழிகள் தேறியது டாக்டர் எழுதிய மருந்தில். அவர் சொன்ன நாள்வரை முட்டை சாப்பிடவில்லை.

மருந்து சத்தத்தை நிறுத்தியது, கிருமியை முழுசாக எடுக்காது. மைக்கோபிளாஸ்மா முட்டை வழியே குஞ்சுக்கும் போகும் என்பதால் அடை வைப்பதை நிறுத்திவிட்டேன். உயிரோடு யாருக்கும் கொடுப்பதுமில்லை.

பிற்சேர்க்கை: புதுக்கோழியே வாங்காமல் தும்மல் வருகிறது என்று கருத்துப் பெட்டியில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால் மூன்று பேரும் அடைமழைக்குப் பயந்து தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டியவர்கள். எச்சம் ஈரமானால் அம்மோனியா கிளம்பும், போக வழியில்லை. கோழித் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சு விட்டுப் பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் அதற்கும் எரியும். மேலே இரண்டு சாண் திறந்து விடுங்கள். நனைந்த உமியை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் வேண்டவே வேண்டாம், அதுவும் நுரையீரலைப் பிடிக்கும்.

இன்னொருவர் கேட்டது: பக்கத்து வீட்டுக் கோழி வேலி தாண்டி வருகிறதே? வரும். தீவனத்தைக் கூட்டுக்குள்ளேயே வையுங்கள், நெல் காயவைத்த களத்தைக் கூட்டிவிடுங்கள், வேலியில் வலை கட்டுங்கள். நான் கட்டிவிட்டேன். அடுத்த வீட்டுச் சேவல் மட்டும் இன்னும் முருங்கைக் கிளை வழியாக வந்துகொண்டிருக்கிறது.